கொக்கு டப்பா

நாணயத்தின் விளிம்பை டப்பா மூடிக்கு அடியில் நுழைத்தவள், நெம்பாமல் அப்படியே நின்றாள். கட்டைவிரலுக்கு இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் போதும். பின்னால் சமையலறைக் கதவு திறந்தது. நாணயத்தை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வெந்நீர் ஆச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் வந்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆறு வாரமாக வீட்டோடு இருக்கும் நர்ஸ் அவர். "பெரியவர் முழிச்சிட்டார். முழிச்சதும் முதல் கேள்வி, கொக்கு எங்கேன்னு. நானும் ஜன்னலைப் பார்க்கறேன், கொக்கும் இல்ல, காக்காவும் இல்ல. மூளைக்கு ஆக்சிஜன் குறையுதோன்னு பயந்தே போயிட்டேன்."

"இந்த டப்பாவைத்தான் சொல்றார் சிஸ்டர். அவர் தூங்கறப்ப கட்டில் பக்கத்து டிராயர்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன்."

சிஸ்டர் டப்பாவைக் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் வட்டமான தகர டப்பா. கரும்பச்சை மூடியில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. கொக்கின் அலகு தேய்ந்து போயிருந்தது.

"பைப் புகையிலை. இதைச் செய்யற கம்பெனியை மூடி முப்பத்திரண்டு வருஷம் ஆகுது. கடைசியா ரெண்டு டப்பா வாங்கினார். ஒண்ணைப் பிடிச்சுத் தீர்த்தார். இது ரெண்டாவது."

"முப்பத்திரண்டு வருஷமாப் பிரிக்கவே இல்லையா? என் வீட்டுல ஒரு பிஸ்கட் பாக்கெட் முப்பத்திரண்டு நிமிஷம் தாங்காது." சிஸ்டர் வெந்நீரை ஊற்றிக்கொண்டார். "நானே கேக்கணும்னு இருந்தேன். தினம் ஒரு ஆப்பிள் கேக்கறார். சீவிக் கொடுத்தா ஒரு துண்டை வாயில போட்டுக்கிட்டு மிச்சத்தை என்கிட்டயே நீட்டறார். தோலை மட்டும் இங்க வெச்சுட்டுப் போங்கறார். அது என்ன ஆசை?"

"புகையிலை காய்ஞ்சா அதுல ஒரு துண்டு ஆப்பிள் தோலைப் போட்டு மூடி வைப்பார். மறுநாள் பதமாயிடும். பழைய பழக்கம்."

"பைப்பைத் தொட்டு ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே."

"கைப்பழக்கம் போகுமா?" என்றாள் அவள்.

சிஸ்டர் போனதும் டப்பாவைக் கையில் எடுத்தாள். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்திருக்கலாம். சருகுச் சத்தம் கேட்டுவிடும் என்ற பயத்தில் அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருப்பது தூசு என்பது இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. திரைக்குப் பின்னால் மெழுகு வாசனையும், சாந்தில் வார்த்த யார் யாருடைய தாடைகளோ வரிசையாக அடுக்கிய பலகையும் இருக்கும். புதிய செட்டை மாட்டிவிட்டு, வந்தவரைச் சத்தம் போடச் சொல்வார். "உஸ்ஸுன்னு சொல்லுங்க. கோழி விரட்டற மாதிரி." பெரிய பெரிய மனிதர்கள், அதிகாரிகள், ஒரு முறை ஒரு நீதிபதிகூட, திரைக்கு அந்தப் பக்கம் உஸ் உஸ் என்று இல்லாத கோழியை விரட்டுவார்கள். கதவுக்குப் பின்னால் அவளும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா சொல்லிவிடுவார், இடது பக்கம் ஒரு மயிரிழை தேய்க்க வேண்டும் என்று.

வேலை முடிந்ததும் பைப் பற்ற வைப்பார். அப்போது அலமாரியிலிருந்து கொக்கு டப்பாவை எடுத்து எதிரே வைத்துக்கொண்டு, வேறு ஏதோ சாதாரணப் புகையிலையைப் புகைப்பார். "மூடி இறுகி இருக்கிற வரைக்கும் உள்ளே வயசே ஆகாது. திறக்கறப்ப உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அந்த நிமிஷத்துலேர்ந்துதான் அதுக்கு உயிரு. காத்து பட்டா ஆறு மாசத்துல சருகு. அதனால நல்ல நாளாப் பார்த்துப் பிரிக்கணும்."

"அந்த நல்ல நாள் எப்பப்பா?"

"வரும்."

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த டப்பாவை அவர் பார்க்கும் பார்வையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னையோ தம்பியையோ அம்மாவையோ அவர் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒரு மதியம் அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. அம்மா வெளியே போயிருந்தாள். பட்டறையில் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாணயம், ஒரு நெம்பு. உஸ்.

இவ்வளவு சின்னச் சத்தமா என்றிருந்தது. உலர்ந்த திராட்சை, டீத்தூள், மழையில் நனைந்த தோல் செருப்பு எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. இரண்டு முறை முகர்ந்தாள். பிறகுதான் புரிந்தது, அந்தச் சத்தத்தைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது என்று. மூடியை உள்ளங்கையால் அழுத்தி அலமாரியில் வைத்துவிட்டு, சாயங்காலம் வரை குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். இயந்திரம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

அதன் பிறகு நல்ல நாட்கள் வந்தபோதெல்லாம் அவள் அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பரீட்சையில் முதலாவதாக வந்த அன்று அப்பா டப்பாவை எடுத்தார். "இதைவிடப் பெரிய பரீட்சையெல்லாம் வரும்பா," என்றாள் அவள். அவளுடைய கல்யாணத்தன்று காலையில் அவள் அறைக்கே கொண்டு வந்தார். "பிரிச்சிடட்டுமா?" என்றார். அப்படிக் கேட்டபோது அவர் டப்பாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். புதுப்புடவையில் வியர்த்துக்கொண்டு, "இன்னும் நல்ல நாள் வரும்பா, வையுங்க," என்றாள். சற்று நேரம் நின்றுவிட்டுத் தலையாட்டிப் போனார். அம்மா இறந்த பிறகு இரண்டு நாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் அவள்தான் சொன்னாள். "நல்லதுக்குத்தான் பிரிக்கணும்னு சொன்னீங்களேப்பா."

ஒவ்வொரு முறையும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். தன் பயத்துக்காக ஒரு மனிதரின் நல்ல நாட்களைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் சொல்ல வரவில்லை. மூன்று வருடம் மறைத்ததைச் சொல்லிவிடலாம். முப்பது வருடம் மறைத்ததைச் சொன்னால், மறைத்தது டப்பாவை அல்ல, வேறு எதையோ என்று ஆகிவிடும்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா சொன்னார், "நாளைக்குக் காலைல கொக்கைப் பிரிச்சிடலாம்." அவள் வாய் தன்னால் பேசியது. "இப்ப எதுக்குப்பா? உடம்பு தேறட்டும்." அவர் சிரிக்க முயன்று இருமினார். இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

தம்பி சமையலறைக்கு வந்தான். பாலம் கட்டும் வேலையில் தூரத்து ஊரில் இருப்பவன். முந்தாநாள்தான் வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து வீட்டில் எதையாவது பழுது பார்த்துக்கொண்டே இருந்தான். குழாய், கதவுத் தாழ், ஜன்னல் கொக்கி.

"அக்கா, அந்த டப்பாவைப் பிரிக்கப் போறியாமே?"

"அப்பா கேக்கறார்டா."

"அவர் கேப்பார். உள்ள இருக்கிற நுரையீரலுக்கு ரெண்டு இழுப்புத் தாங்குமா? பிரிச்சா ரெண்டு இழுப்போட முடிஞ்சது. பிரிக்காட்டி எப்பவும் இருக்கும். நான் வெச்சுக்கறேன். அவர் ஞாபகமா அப்படியே முழுசா ஒண்ணாவது இருக்கட்டுமே."

முழுசா. அவள் டப்பாவைப் பார்த்தாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். தம்பி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து ஆயுள் முழுக்கத் துடைப்பான். யாரும் எப்போதும் திறக்க மாட்டார்கள். அவள் தப்பித்துவிடுவாள், இந்த முறை நிரந்தரமாக.

"டாக்டர் என்ன சொன்னார்? அவர் கேக்கறதைக் கொடுங்கன்னார்," என்றாள். "நான் நாலு தடவை வேண்டாம்னு சொல்லிட்டேன்டா. இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

"நாலு தடவையா? எப்ப?"

"பைப்பை எடுத்துட்டு வா. மேஜை மேல இருக்கு."

அப்பாவின் கட்டிலருகே நின்று சிஸ்டர் சட்டதிட்டங்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஆக்சிஜன் மெஷினை நிறுத்த வேண்டும். அறையில் நெருப்பு கூடவே கூடாது. சட்டையில், போர்வையில் எல்லாம் ஆக்சிஜன் ஏறியிருக்கும், புதுச் சட்டை மாற்ற வேண்டும். பால்கனியில் உட்கார்த்திக் கால் மணி நேரம் காத்தாட விட வேண்டும். அதற்கு மேல் அவரால் தாங்க முடியுமா என்று தெரியாது. "நான் பக்கத்துலயே நிப்பேன். நகம் நீல நிறமானா உள்ள தள்ளிட்டு வந்துடுவேன். யாரும் என்னை அதட்டக் கூடாது."

"அதட்ட... மூச்சு வேணுமே சிஸ்டர்," என்றார் அப்பா.

சட்டை மாற்றினார்கள். கைகள் சட்டைக்குள் நுழைய மறுத்தன. முதுகெலும்பு ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கர நாற்காலியின் பிரேக்கைத் தேவையில்லாமல் சரி பார்த்தான்.

பால்கனியில் காலை வெயில் பாதி வரை வந்திருந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். அதற்கு மேல் மாடியில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் கை உயர்த்தி வாய் நிறையச் சிரித்தார்.

"அது என் சிரிப்பு," என்றார் அப்பா. "பதினாலு வருஷமா... இரவலா வெச்சிருக்கான்."

சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் மூச்சு ஒவ்வொன்றும் மேடு ஏறி வருவதுபோல வந்தது. பைப்பை மடியில் வைத்திருந்தார். வாயில் கவ்வும் முனை ஒரு முறை உடைந்தபோது, ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பொருளை வைத்து அவரே ஒட்டியிருந்தார். கறுத்த பைப்பில் அந்த ஒரு துண்டு மட்டும் ஈறு போலவே இருந்தது. சிறு வயதில் அதைத் தொட அவளுக்குக் கூசும்.

"போதும், ஆச்சு கால் மணி நேரம்," என்றார் சிஸ்டர்.

அப்பா கண்களை மூடிக்கொண்டார். "ம்... பிரி. சத்தம் கேக்கணும்."

அவள் அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். நாணயத்தை மூடிக்கடியில் நுழைத்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம். அப்பா, சத்தம் வராது, முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாலயே வந்துடுச்சு. நாக்கு வரை வந்தது. மூடிய அந்த இமைகளைப் பார்த்தாள். எதிர்பார்ப்பில் குழந்தைபோல் புருவத்தைச் சற்று உயர்த்தியிருந்தார்.

மூடியை நெம்பினாள். அது சத்தமே இல்லாமல் எழும்பியது. அதே கணத்தில் பற்களைச் சேர்த்து, வாயாலேயே, மெதுவாக, "உஸ்" என்றாள்.

தம்பி திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். எதிர் மாடியில் பூவாளியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அப்பாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்களைத் திறக்கவில்லை.

"முன்பல் இடுக்குல..." மூச்சுக்காக நிறுத்தினார். "இன்னும் அந்த விசில் இருக்கு. கம்பி போட்டுக்கன்னு... தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?"

அவள் உதடுகளைச் சேர்த்து மூடிக்கொண்டாள்.

"என்னக்கா சொல்றார்?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லடா."

குனிந்து டப்பாவுக்குள் பார்த்தாள். தூசு இல்லை. கருமையும் பழுப்புமாய், விரலால் தொட்டால் அமுங்கி எழும் மென்மையோடு புகையிலை ஈரப்பதமாக இருந்தது. அதன் மேல் சுருண்டு கிடந்தது ஒரு துண்டு ஆப்பிள் தோல். ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது, நடுவில் இன்னும் சிவப்பு. நேற்றையதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் அப்பா ஆப்பிள் சீவுவது அவளுக்கு நினைவு வந்தது. தோலில்தான் சத்தே இருக்கிறது என்று அம்மா முணுமுணுப்பாள். அவர் தோலைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு பட்டறைக்குப் போவார். எந்த வயதிலிருந்து இது நினைவில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். பதிமூன்று. பன்னிரண்டாகக்கூட இருக்கலாம். வாரம் தவறாமல் ஒரு துண்டுத் தோல். முப்பத்தோரு வருடம் அது சருகாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் கல்யாணத்தன்று புதுப்புடவையில் வியர்த்து நின்றவளிடம், திறந்தே கிடந்த டப்பாவை நீட்டி அவர் கேட்டது அனுமதி அல்ல.

"கொடு," என்றார் அப்பா.

அவரே நிரப்பினார். விரல்கள் அதற்கு மட்டும் நடுங்கவில்லை. அவள் தீக்குச்சி உரசிப் பிடித்தாள். முதல் இழுப்பு வாயோடு நின்றது. இரண்டாவதில் புகை மெல்ல எழும்பி வெயிலுக்குள் போயிற்று. உலர்ந்த திராட்சை, டீத்தூள், நனைந்த செருப்பு. அவள் அறிந்த வாசனைதான்.

"எப்படிப்பா இருக்கு?" என்று தம்பி கேட்டான்.

அப்பா ஒரு முறை சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"பரவாயில்ல."

"இவ்வளவு வருஷம் வெச்சிருந்துட்டு, பரவாயில்லயா?"

"அன்னைக்கே பிடிச்சிருந்தாலும்... பரவாயில்லதான்." கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். தம்பியை அல்ல, டப்பாவையும் அல்ல. "வெச்சுப் பார்த்துக்கிட்டதுதான்... நல்லா இருந்துச்சு."

மூன்றாவது இழுப்புக்குப் பின் பைப்பை அவளிடம் நீட்டினார். முனை சூடாக இருந்தது. அந்த இளஞ்சிவப்புத் துண்டின் மேல் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கூசவில்லை. சிஸ்டர் அவருடைய நகங்களைப் பார்த்தார், நாற்காலியை உள்ளே திருப்பினார்.

மெஷினை மறுபடி ஓட விட்டார்கள். அவர் தூங்கினார். மதியம் இரண்டு மணிக்கு, தம்பி ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கையில், அவள் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருக்கையில், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்தது வரவில்லை. மெஷின் மட்டும் தன்பாட்டுக்குக் காற்று அனுப்பிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தினார். ஆறு வாரமாக ஓயாமல் கேட்ட சத்தம் நின்றதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

டாக்டர் வந்து காகிதத்தில் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி ஒவ்வொருவருக்காகப் போன் செய்தான். எல்லோரிடமும் அதே நான்கு வாக்கியங்கள். முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மேஜை மேல் டப்பா இருந்தது.

"மூணு இழுப்புதானே போச்சு. மீதி அப்படியே இருக்கு," என்றான். "மூடியைச் சுத்தி நல்லா டேப் ஒட்டி நான் எடுத்துட்டுப் போகட்டுமாக்கா?"

"எடுத்துட்டுப் போ. டேப் ஒட்டாதே."

"காத்துப் பட்டாக் கெட்டுடும்னு அப்பா சொல்வாரே."

அவள் கூடையிலிருந்து ஆப்பிளை எடுத்தாள். இன்றைக்கென்று சிஸ்டர் வாங்கி வைத்தது. கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சீவினாள். தோல் அறுபடாமல் நீளமாக இறங்கியது. அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, டப்பாவில் இருந்த பழைய தோலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ரொம்ப நாள் ஒரே தோலை விட்டா பூஞ்சை பிடிச்சிடும்."

"எத்தனை நாளைக்குக்கா?"

"பார்த்துக்கோ."

தம்பி டப்பாவை வாங்கி மூடியைப் பொருத்தினான். கொக்கின் தேய்ந்த அலகை விரலால் தடவினான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் அவன் தலைமேல் கை வைத்துச் சற்று நேரம் நின்றாள். வாசலில் யாரோ செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று அவளுக்கு நினைவு வந்தது. தோல் சீவிய ஆப்பிளை ஒரு கடி கடித்தாள். தட்டில் திரும்ப வைத்தாள். வெள்ளைச் சதையில் அவளுடைய பற்களின் அச்சு பதிந்திருந்தது. இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் மட்டும், கடிபடாமல், மெல்லிய ஒரு கோடு நிமிர்ந்து நின்றது.